தனிநாதம்: கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோன் இசை பற்றி ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலத்தில் நாதசுரத்தைக் கேளாது வளர்ந்த செவி அரிது. கோயிற் கொடியேற்றமாயினும் திருமண வீடாயினும் அவ்வொலியின்றி மங்கலம் நிறைவதில்லை. அத்தகைய செவி கத்ரி கோபால்நாத்தின் இசைப்பதிவொன்றை முதன்முதற் கேட்குமாயின், அதனை நாதசுரமென்றே மயங்குதல் கூடும். சிறிது பொழுது கழிந்த பின்னரே, சீவாளியின் கூர்மை குறைந்து பித்தளைக் குழலின் தடிப்பு மிகுந்திருத்தல் புலனாகும். இம்மயக்கம் அக்கலைஞருக்குப் பெருமையா, குறையா? பிறிதொரு கருவியின் ஒலியை நினைவூட்டும் ஒருவர் தமக்கென ஓர் ஒலியை உடையவர் எனக் கொள்ளப்படுவாரா? இவ்வினாவிற்கு விடை காணாது அவரது இசையை மதிப்பிடல் இயலாது.

பெல்ஜிய நாட்டு அடால்ஃப் சாக்ஸ் 1846ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் காப்புரிமை பெற்ற இக்கருவி, படைவாத்தியக் குழுக்களிற் பயின்று, பின்னர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையிலேயே உயிர்பெற்றது. அவ்விசையில் ஒருவர் எதனை வாசிக்கின்றார் என்பதினும் எவ்வொலியில் வாசிக்கின்றார் என்பதே முதற்கண் நோக்கப்படும். 1934ஆம் ஆண்டு பிளெச்சர் ஹென்டர்சன் குழுவிலிருந்து கோல்மன் ஹாக்கின்ஸ் நீங்க, அவ்விடத்துக்கு லெஸ்டர் யங் வந்தார். ஹாக்கின்ஸின் ஒலி கனத்தது, அகன்றது. யங்கின் ஒலியோ மெல்லியது, ஏறத்தாழ அதிர்வற்றது. குழுவினர் இதனைப் பொறுத்திலர். ஹென்டர்சனின் மனைவியார் ஹாக்கின்ஸின் இசைத்தட்டுக்களை யங்கிற்குப் போட்டுக் காட்டி, இவ்வாறு வாசிக்க வேண்டுமெனத் திருத்த முயன்றார் என்பர். யங் தம் ஒலியை மாற்றாது, சில திங்களில் அக்குழுவை விட்டகன்றார். ஆயினும் அம்மெல்லொலியும் வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. பிராங்கி டிரம்பவர் என்னும் வெள்ளையினக் கலைஞரைச் செவிமடுத்தே தாம் அதனைப் பெற்றதாக யங் கூறியுள்ளார்.

அவருக்குப் பின்வந்த சார்லி பார்க்கர் 1937ஆம் ஆண்டு வேனிலில் யங்கின் இசைத்தட்டுக்களைப் பாடமாக்கினார். எனினும் பார்க்கரை யங் என மயங்குவார் எவருமிலர். போலச் செய்தலே தனித்தன்மைக்குப் பகையென்னும் கருத்து, ஈண்டு ஆட்டங் காண்கின்றது.

கோபால்நாத் 1949இல் தென்கன்னடப் பகுதியிற் பிறந்தவர். நாதசுரக் கலைஞரின் மைந்தர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவிற் சாக்சபோனைக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். மங்களூரிற் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர்ச் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். அவர் எதிர்கொண்ட இடர் யாதென்பதை அறிதல் வேண்டும். நாதசுரத்தில் விரல் துளையையே தொடுகின்றது. துளையைச் சிறிது திறந்தும் சிறிது மூடியும் சுரத்தை வளைக்கலாம். சாக்சபோனில் விரல் சாவியைத் தொட, சாவியே துளையை மூடுகின்றது. அரைத்துளை என்பதற்கு ஆங்கே இடமில்லை. எனவே கமகம் முழுவதும் உதட்டின் பிடியிலும் தொண்டையின் நெகிழ்ச்சியிலும் மூச்சின் அழுத்தத்திலும் பிறத்தல் வேண்டும். தோடியின் காந்தாரத்தை அசைக்க முயன்றார்க்கே இதன் கடுமை விளங்கும். கருவியிற் சில மாற்றங்களையும் அவர் செய்துகொண்டார். எனினும் அவரது உழைப்பின் பெரும்பகுதி செவியில் நின்ற தந்தையின் குழலொலியை, அதற்கு இணங்காத ஒரு கருவியில் தேடிய உழைப்பேயாகும். அவ்வொலி முழுதும் அகப்படவில்லை. அகப்படாது எஞ்சிய அவ்விடைவெளியே அவரது தனிநாதம்.

இது அயற்கருவி என இகழ்ந்தோர் பாலுசுவாமி தீட்சிதர் கைக்கொண்ட வயலினை மறந்தவராவர். அவ்வாதத்தில் நெடிது நிற்க வேண்டுவதில்லை. குறை வேறிடத்தில் உளது. ஆலாபனையில், நீண்ட ஒரு சுரத்தை மூச்சு ஒடுங்குமளவும் தாங்கி நிற்குமிடத்திற் கோபால்நாத் ஒப்பற்றவர். விரைந்த சுரக்கோவைகளிலோ அத்தனிநாதம் கரைந்து, விரல்வன்மை மட்டுமே மிஞ்சுகின்றது. கைதட்டல் மிகுந்தது அங்கேயே என்பது வேறு. 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படம் அவரது ஒலியை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. அவ்வாண்டே இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்திலும் அவர் வாசித்தார். இப்புகழின் பின்னர் அவரது வாசிப்பில் இனிமை சில வேளை பழக்கமாகிவிட்டது எனக் கூறுதல் மிகையாகாது.

2019இல் அவர் மறையுமளவும் வந்த பதிவுகளுள், 2008ஆம் ஆண்டு வெளியான ‘கின்ஸ்மென்’ தனியே நோக்கத்தக்கது. அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கோபால்நாத்தும் ஒரே வகையான ஆல்டோ சாக்சபோனை அதிலே வாசிக்கின்றனர். இருவரின் முன்னோரும் கன்னட நாட்டினர். ஆயினும் ஒருவர் ஒலி கரடுமுரடாய், விளிம்பு கூரியதாய் வருகின்றது. மற்றவர் ஒலி கோயில் வீதியில் நிற்பதுபோல் விரிகின்றது. யார் வாசிக்கின்றார் எனப் பெயர் கூறாமலே செவி பிரித்தறியும். முற்கூறிய மயக்கம் அப்பதிவிலே தெளிந்துவிடுகின்றது.

நாளை கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு மாணவன் இக்கருவியைக் கையேற்பின், யங்கையும் பார்க்கரையும் கோபால்நாத்தையும் அவன் பாடமாக்குதல் நன்றே. ஆனால் அவன் செவியில் முன்னரே குடியிருப்பன வேறு: நாதசுரத்தோடு, முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் அண்ணாவியார் மத்தள ஒலிக்கு மேலாக இழுத்துப் பாடும் குரலும் உண்டு. அவ்விழுப்பை ஒற்றைச் சீவாளியிற் கொணர உதடு எவ்வளவு தளர வேண்டும், எவ்விடத்து இறுக வேண்டும் என்பது எப்பயிற்சி நூலிலுமில்லை.