மூன்றாம் கட்டத்தின் கோளாறு

கேமரன் மலைத் தோட்டப் பள்ளி ஒன்றின் சுவரில் ஐந்து கட்டம் போட்ட விலங்குப் படம் தொங்குகிறது: மீன், நீர்நில வாழ்வன, ஊர்வன, பறவை, பாலூட்டி. “சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும், பரிணாமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று படித்தவர்களே இதற்குப் பரிந்து பேசுகிறார்கள்.

ஓரளவுக்குப் போதும்தான். மனத்தில் எளிதில் நிற்கிறது. கொழுந்து பறிக்கும் நிரையில் பாம்பு எதிர்ப்பட்டால் யாரும் அதன் வம்சாவளியைக் கேட்பதில்லை. விதிவிலக்குகளையும் மன்னித்துவிடலாம். ஊர்வன முட்டையிடும் என்கிறது பாடம். இந்த மலைகளின் பச்சைக் குழிவிரியன்களின் உறவுகளில் பெரும்பாலானவை குட்டி போடுகின்றன. தவளை என்றால் தலைப்பிரட்டை என்கிறது பாடம். பிலாட்டஸ் பேரினத்து மரத்தவளைகளுக்கு நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை, முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகிவிடும்.

என் வழக்கு மூன்றாம் கட்டத்தோடு. பல்லி, முதலை, புறா: இவற்றில் சேராதது எது? படத்தை நம்பும் பிள்ளை புறா என்று எழுதும், மதிப்பெண்ணும் வாங்கும். பரிணாமம் சொல்லும் விடையோ பல்லி. முதலைக்கும் புறாவுக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது; பல்லியின் கிளை அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. முதலையின் இதயத்தில் பறவைக்கு இருப்பதுபோல் நான்கு அறைகள், பல்லிக்கு மூன்றுதான். முதலைக் குஞ்சு முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும், தாய் வந்து கூட்டைத் தோண்டும். ஆமையும் பல்லியைவிட முதலைக்கும் பறவைக்குமே நெருக்கம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, அந்தக் கட்டத்தில் இருப்பது ஒரு குடும்பம் அன்று. இறகு முளைத்த பிள்ளையை மட்டும் வெளியே தள்ளிவிட்டு மிச்சத்துக்கு வைத்த பெயர்.

இது புதுக் கதையும் அன்று. 1861இல் ஜெர்மனியின் சுண்ணாம்புக் கல்லில் பல்லும் நீண்ட எலும்பு வாலும் இறகும் சேர்ந்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் புதைபடிவம் கிடைத்தது. பறவைகள் டைனோசர் கிளையில் வந்தவை என்ற வாதத்துக்கு 1970களில் தொல்லுயிரியலாளர் ஜான் ஆஸ்ட்ரம் மறுபடி உயிரூட்டினார். 1996இல் சீனாவில் இறகிழைகள் படிந்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசர் வெளிப்பட்டது. வகைப்பாட்டியலாளர் வில்லி ஹென்னிக் 1950லேயே, ஒரு மூதாதையையும் அதன் எல்லா வாரிசுகளையும் சேர்த்தால்தான் அது இயற்கையான குழு என்று வகுத்துவிட்டார். இத்தனைக்குப் பிறகும் சுவர்ப்படம் அசையவில்லை.

“காலம் காலமாக இருக்கும் பிரிவு” என்பார்கள். எந்தக் காலம்? 1758இல் வகைப்பாட்டின் முன்னோடி லின்னேயஸ் தவளையையும் பாம்பையும் முதலையையும் ஒரே வகுப்பில் போட்டிருந்தார். அதைப் பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அன்று மாற்றலாம், இன்று கூடாதா?

பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்பது இவர்களின் கடைசி ஆயுதம். சித்தப்பா, பெரியப்பா, ஒன்றுவிட்ட அத்தை என்று மூன்று தலைமுறை உறவை விரல்விட்டுச் சொல்லும் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கிளைமரம் விளங்காதாம்! குழப்பம் யாருக்கு என்று எனக்குச் சந்தேகம். ஐந்து பெயர்களையும் அழிக்கச் சொல்லவில்லை. ஊர்வனவற்றின் கட்டத்தைப் பெரிதாக்கி, பறவைக் கட்டத்தை அதற்குள், முதலைக்குப் பக்கத்தில் வரைந்தால் போதும். அதற்குப் புதுப் பாடத்திட்டம்கூட வேண்டாம், ஒரு சுண்ணக்கட்டி போதும்.