காவலருக்கு ஸ்பானிய பாஷை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானிய பாஷையை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் நாலு கோடிக்கு மேல் இருக்க, அவர்களிடையே ரோந்து செல்லும் போலீஸ்காரர்களில் மிகப் பலர் ஆங்கிலம் ஒன்றையே அறிந்திருப்பதால், தொழிலுக்கு வேண்டிய ஸ்பானிய வாக்கியங்களைச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ கற்பித்துவிடும் வகுப்புகள் அங்கே நெடுங்காலமாக நடந்து வருகின்றன. இரு பாஷையும் அறிந்த அதிகாரிகள் தம் உத்தியோக அனுபவத்தையே பாடமாக்கிப் பல இடங்களில் இவற்றை நடத்துகிறார்கள். சம்பவம் நிகழ்ந்த முதல் சில நிமிஷங்களுக்கு இப்பயிற்சி உற்ற துணை. விசாரணை அறைக்குள் அதையே நம்பிப் புகுந்தாலோ அநீதிக்கு இடமாகும் என்பது என் அபிப்பிராயம்.

கணவன் அடித்துவிட்டானென்று நள்ளிரவில் அழைப்பு வந்து, வாசலில் நிற்கும் அதிகாரிக்கு அந்தப் பெண்ணின் பாஷை புரியாதபோது, பள்ளியில் ஆங்கிலம் பயிலும் அவளுடைய சிறு குழந்தையைக் கொண்டே நடந்ததைக் கேட்டறியும் கொடுமை அந்நாட்டில் நேர்ந்து வந்திருக்கிறது. தாய் பட்ட அடியைத் தன் வாயாலேயே மொழிபெயர்க்கும் நிர்ப்பந்தத்திலிருந்து அக்குழந்தையைக் காப்பதற்கு, எங்கே வலிக்கிறது, அவர் இன்னும் வீட்டில் இருக்கிறாரா, கையில் ஆயுதம் உண்டா என்பன போன்ற நாலைந்து கேள்விகளும், அவற்றின் விடையை விளங்கிக்கொள்ளும் பழக்கமும் போதும். இதற்காகவே அவ்வகுப்புகளின் செலவு முழுவதும் தகும் என்பேன்.

ஆனால் குறுகிய வகுப்புகள் பெரும்பாலும் கட்டளைகளையே நெட்டுருப் போடச் செய்கின்றன. கையை உயர்த்து, அசையாதே என்று சொல்லத் தெரிந்த காவலர், பதிலாக வெள்ளம்போல் வரும் பேச்சில் ஒன்றும் விளங்காமல் திகைக்கிறார். ஆயினும் தமக்குப் பாஷை தெரியுமென்ற நம்பிக்கை மட்டும் அவரை விட்டு அகல்வதில்லை. பேராபத்து அங்கேதான் இருக்கிறது.

காவலில் உள்ளவரை விசாரிக்குமுன், மௌனமாயிருக்கவும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் அவருக்குள்ள உரிமைகளைத் தெரிவித்தாக வேண்டுமென்று மிராண்டா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1966-ல் விதித்தது. ஒரெகன் மாகாணத்துத் துப்பறியும் அதிகாரி ஒருவர் இதை ஸ்பானியத்தில் கூறுகையில், கட்டணமின்றி என்பதற்குரிய சொல்லை விட்டுச் சுதந்திரமாயுள்ள என்று பொருள்படும் சொல்லை இட்டுவிட, வழக்கறிஞருக்கு ஓய்விருந்தால்தான் உதவி கிட்டும் என்ற கருத்து அதில் தொனிப்பதைக் கண்ட ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த எச்சரிக்கை போதாதென்று 2013-ல் தீர்ப்பளித்தது. யந்திரத்தை நம்புவதும் இதற்குப் பரிகாரமன்று. கான்ஸாஸில் 2017-ல் காவலர் ஒருவர் கூகுள் மொழிபெயர்ப்பைக் கொண்டு காரைச் சோதனையிடச் சம்மதம் பெற்றுக் கைப்பற்றிய போதைப்பொருளை, அச்சம்மதம் செல்லாதென்று கூறி மறு வருஷமே நீதிமன்றம் சாட்சியத்திலிருந்து விலக்கியது.

அப்படியானால் பிறப்பிலேயே இரு பாஷை வாய்த்த அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கலாமே என்று தோன்றும். ஆனால் பாட்டியிடம் பேசிப் பழகிய பாஷை சட்ட நுட்பங்களை எடுத்துரைக்கப் போதுமா என்று பரீட்சித்தறிவது அவசியம். தவிர, குற்றத்தைக் கண்டுபிடிப்பதில் சிரத்தையுள்ள ஒருவரே நடுநிலை மொழிபெயர்ப்பாளராகவும் அமர்வது தர்மமாகாது. இவ்வதிகாரிகள் சுமக்கும் பாரமும் உண்டு. டூசான் நகரக் காவல் துறையின் ஸ்பானியம் அறிந்த ஊழியர்கள், தனி ஊதியமின்றி இவ்வேலை தங்கள்மீது சுமத்தப்படுவதாகத் தொடுத்த வழக்கில், அது சட்டம் தடுக்கும் பாரபட்சமாகாதென்று 1992-ல் தீர்ப்பாயிற்று. சட்டம் அவ்வளவுதான் சொல்லக்கூடும். சக ஊழியர் அழைக்கும்போதெல்லாம் தம் வேலையைப் போட்டுவிட்டு ஓடுபவருக்கு அதற்குரிய ஊதியம் தருவதே நியாயம்.

இன்னொன்றை இவ்வகுப்புகள் எண்ணிப் பார்த்தாக வேண்டும். 2010-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட்லேக் பகுதியில், கத்தியைக் கீழே போடும்படி ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் கட்டளையிட்ட போலீசாரால் சுடப்பட்டு இறந்த குவாத்தமாலாக் கூலித் தொழிலாளியின் தாய்மொழி, மாயா இனத்தாரின் கீச்சே. எதிரில் நிற்பவர் எந்தப் பாஷைக்காரர் என்று கண்டறிவதையும், மொழிபெயர்ப்பாளரை எப்போது அழைப்பது என்பதையும் கட்டளை வாக்கியங்களுக்கு முன்னால், முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டும்.