பெயருக்குப் பின்னால் ஓர் அம்பு

சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்களின் கண் பெரும்பாலும் திரையின் நடுவே சுழலும் மாடலில்தான் இருக்கும். எனக்குப் பிரியம், பாகங்களையும் ஸ்கெட்ச்களையும் பட்டியலிடும் இடது ஓரத்து ஃபீச்சர் ட்ரீயின் மேல். அங்கே பெயர்களை ஒட்டி நிற்கும் பொடிக் குறிகளைப் படிக்கப் பழகிவிட்டால், எந்தப் பாகம் எதை நம்பி நிற்கிறது என்று புரிந்துவிடும்.

ஒரு பம்பின் உடலையும் மூடியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் அசெம்பிளிக்குள் இருந்தபடியே மூடியை எடிட் செய்யத் தொடங்குகிறோம். உடலில் உள்ள ஆறு போல்ட் துளைகளின் விளிம்புகளைத் தொட்டு 'கன்வர்ட் என்டிட்டீஸ்' கொடுத்தால், மூடியின் ஸ்கெட்ச்சில் ஆறு வட்டங்கள் விழுகின்றன. விழும்போதே கறுப்பு நிறம். நீலமாக இருந்தால் இன்னும் அளவு பாக்கி என்று அர்த்தம். இந்த வட்டங்களுக்குப் பாக்கியே இல்லை. இடம், விட்டம் இரண்டையும் உடலிடமிருந்தே வாங்கிக்கொண்டுவிட்டன. உடனே அந்த ஸ்கெட்ச்சின் பெயருக்குப் பின்னால் ஓர் அம்புக்குறி முளைக்கிறது, மூடியின் பெயருக்குப் பின்னாலும். இனி உடலில் போல்ட் வட்டத்தை 120 மி.மீட்டரிலிருந்து 130 ஆக்கினால், மூடியின் துளைகளும் கூடவே நகர்ந்து நேருக்கு நேர் வந்து நிற்கும்.

வரைந்ததன் மேல் ஒரு நிபந்தனையை வைத்து, அதைக் காப்பாற்றும் பொறுப்பைக் கணினியிடம் விடும் யோசனை 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே உண்டு. அந்த நிபந்தனை ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்குத் தாண்டிப் போவதுதான் இங்கே என்னை மயக்குகிறது. அதை யார் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்: சார்ந்து நிற்கும் மூடியின் கணக்கில். உடலின் ட்ரீயில் ஒரு குறியும் கிடையாது.

மூடியை மட்டும் தனியாகத் திறந்தால் அம்புக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி சேர்ந்துகொள்ளும். பதற வேண்டியதில்லை. துளைகள் கடைசியாக இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவை பார்த்து நிற்கும் மாடல் இப்போது திறந்திருக்கவில்லை, அவ்வளவுதான். 'எடிட் இன் கான்டெக்ஸ்ட்' கொடுத்தால் அந்த உறவு உண்டான அசெம்பிளியையே தேடித் திறந்து தரும்.

எனக்கு மிகவும் பிடித்தவை அடுத்த இரண்டு குறிகள். டிராயிங் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது, இனி மூடி அசையக் கூடாது என்றால் இந்த உறவை, அதாவது ரெஃபரன்ஸை, பூட்டலாம். அம்பின் அருகே நட்சத்திரக்குறி வரும். பூட்டியிருக்கும்வரை பழைய உறவு புதுப்பிக்கப்படாது, புதிய உறவையும் சேர்க்க முடியாது. திறந்தால் எல்லாம் பழையபடி. முறித்துவிட்டாலோ 'எக்ஸ்' குறி. அந்த உறவு திரும்பாது. ஆனாலும் அம்பை அழிக்காமல், இங்கே ஒன்று இருந்தது என்ற தடத்தை விட்டுவைத்திருக்கிறார்களே, அந்தக் கரிசனம் பெரியது. பின்னாளில் ஃபைலைத் திறப்பவருக்குத் துளைகள் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்று யோசிக்க ஒரு நுனி கிடைக்கிறது.

பெயருக்கு முன்னால் வரும் குறிகள் வேறு கதை சொல்லும். அசெம்பிளியில் மூடியை இறுக்க வரும் போல்ட்டுக்கு ஆறு வகை அசைவு உண்டு. துளையோடு 'கான்சென்ட்ரிக்' மேட் போட்டு இரண்டின் அச்சையும் ஒன்றாக்கினால் நான்கு போய்விடும். தலையின் அடிப்பரப்பை மூடியோடு 'கோஇன்சிடென்ட்' ஆக்கினால் முன்னும் பின்னும் நழுவுவதும் நிற்கும். அப்போதும் பெயருக்கு முன்னால் அடைப்புக்குள் ஒரு கழித்தல் குறி விடாப்பிடியாக நிற்கிறது: தன் அச்சில் சுழலும் உரிமை மட்டும் இன்னும் மிச்சம். 'லாக் ரொட்டேஷன்' கொடுத்து அதையும் அடக்கலாம். நான் விட்டுவிடுவேன், ஸ்பேனர் திருப்பப்போவதும் அந்தச் சுழற்சியைத்தானே.