நூற்றுக்கு நூற்றைந்து!

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க எரிவாயுக் கொதிகலன்கள் பயன்படுகின்றன. பெயர்தான் கொதிகலன், அதில் நீர் கொதிப்பதில்லை. சூடேறிய நீர் குழாய் வழியே அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்குச் சென்று, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். ஐரோப்பிய விளம்பரக் கையேடுகள் சிலவற்றில் இவற்றின் பயனுறுதிறன் 105 விழுக்காடு என்றுகூடப் போட்டிருக்கும். கொடுத்ததைவிட அதிகமாகத் தரும் எந்திரம் உண்டா? ஆற்றல் அழிவின்மை விதியைப் படித்த எந்த மாணவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

விடை கணக்கில் இருக்கிறது. 1 கிலோகிராம் மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோகிராம் நீராவி உண்டாகும். அந்த ஆவி புகைபோக்கி வழியே வெளியேறிவிட்டால் நமக்குக் கிடைக்கக்கூடியது 50 மெகாஜூல். ஆவியைக் குளிர்வித்து நீராக்கினால் அதன் உள்ளுறை வெப்பமும் சேர்ந்து ஏறத்தாழ 55.5 மெகாஜூல் ஆகும். விளம்பரக்காரர் சிறிய எண்ணால் வகுக்கிறார், அதனால் 105. பெரிய எண்ணால் வகுத்தால் 95க்கும் குறைவே. விதி பிழைக்கவில்லை, வகுத்த எண்தான் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆற்றல் முத்திரை 2015 முதல் பெரிய எண்ணையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. அதுவே நேர்மையான முறை.

ஆவியை நீராக்கும் இவ்வகைக் கொதிகலன்களையே, சில விலக்குகள் நீங்கலாக, புதிதாகப் பொருத்த வேண்டும் என்று இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005இல் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் கருவியை மாற்றினால் மட்டும் போதுமா? திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள ஆவி நீராகும். பல வீடுகளிலோ நீரை 75, 80 டிகிரிக்குச் சூடாக்கி அனுப்பும்படி பொருத்துவோர் அமைத்துவிடுகிறார்கள். அது 60க்கு மேலேயே திரும்புகிறது. ஆவி ஆவியாகவே வெளியே போகிறது. வீட்டுக்காரர் புதுக் கருவிக்கு விலை கொடுத்தும் அதன் சிறப்பை அனுபவிப்பதில்லை.

பரிகாரம் எளிது. அனுப்பும் நீரின் வெப்பநிலையைக் குறைக்க வேண்டும். அறை சூடாகச் சற்று நேரம் கூடும். கடுங்குளிர் நாட்களில் மீண்டும் உயர்த்தலாம். வெளிக்குளிருக்கேற்பத் தானே மாற்றிக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவியும் உண்டு. ரேடியேட்டர் சிறிதானால் பெரியதாக மாற்ற வேண்டியிருக்கும். குளியல் நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடுகளில் மட்டும் எச்சரிக்கை தேவை: நோய்க்கிருமி வளராதிருக்க அந்த நீர் 60 டிகிரியை எட்ட வேண்டும்.

ஆகவே, முத்திரையிலுள்ள எண் கருவியின் தகுதியைத்தான் சொல்லும். வீட்டில் அது எப்படி உழைக்கிறது என்பதைத் திரும்பி வரும் நீரின் வெப்பநிலையே சொல்லும். விதி வகுப்போர் அதையும் அளக்கச் செய்திருக்க வேண்டும்.