அஹ்மதின் வீடும் துருக்கியின் உறவும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம் கடற்கரையில் நடைபெற்ற மீலாது விழாவொன்றில், தமிழும் துருக்கியும் ஒருதாய் மக்கள் என்று இளைஞரொருவர் முழங்கினார். கால்டுவெல் பாதிரியார் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தைச் சான்று காட்டினார். கூட்டத்தில் தக்பீர் எழுந்தது. உதுமானியர் பேசிய மொழி நம் வீட்டு மொழிக்கு உறவென்றால் யாருக்குத்தான் இனிக்காது? நமக்கும் இனித்தது. எனினும், செங்கற்பட்டில் ஆண்டுக்கணக்கில் நஹ்வு பயிற்றுவித்த பழக்கம் சும்மாயிருக்க விடவில்லை.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு அழகானது. நாம் 'அஹ்மதின் வீடு' என்கிறோம். துருக்கியர் 'அஹ்மெதின் எவி' என்கின்றனர். 'எவ்' என்றால் வீடு. 'இன்' இரண்டிலும் உண்டே!

உண்டுதான். ஆனால் துருக்கியில் அது உடையவனைக் காட்டும் வேற்றுமை உருபு. தமிழிலோ தொல்காப்பியர் உடைமைக்கு வைத்த உருபு 'அது'. 'இன்' ஐந்தாம் வேற்றுமைக்கு உரியது. 'அஹ்மதின் வீடு' என்பதில் நிற்பது சாரியை. அதனாலன்றோ 'மரத்தினை', 'மரத்தினால்', 'மரத்தினது' என எவ்வுருபுக்கு முன்னும் அது வந்து நிற்கிறது! ஒலி ஒன்று, தொழில் வேறு.

மேலும், 'எவி' என்பதன் இறுதி இகரத்தை அவர் கவனிக்கவில்லை. அது 'அவனுடைய' என்னும் பொருள் தரும் உடைமை விகுதி. உடையவனுக்கு ஓர் அடையாளம், உடைமைக்கு மற்றோர் அடையாளம் என இருபுறமும் முத்திரையிடுவது துருக்கியின் வழக்கம். 'எவிம்' என் வீடு. 'எவிமிஸ்' எங்கள் வீடு. 'எவிம்தெ' என் வீட்டில். முதலில் உடைமை விகுதி, அதன்பின் வேற்றுமை உருபு. அரபியிலும் உடையவன் பின்னேதான் ஒட்டுகிறான்; ஆயினும் 'பைத்துஹு', 'பைத்தஹு', 'பைத்திஹி' என்பவற்றில் இஃராப் முந்தி, உடையவன் பிந்தி. தமிழில் உடையவன் முன்னே நிற்கிறான். 'எந்தை, நுந்தை, தந்தை' என்னும் பழஞ்சொற்களைப் பாருங்கள்: என், உன், அவன் என்னும் பொருள் சொல்லின் தலையிலேயே கலந்துள்ளது. துருக்கியரோ 'பாபாம், பாபான், பாபாஸி' என வாலில் வைக்கின்றனர். பின்னொட்டுதான் உறவுக்குச் சான்றென்றால் துருக்கிக்கு அரபியன்றோ நெருங்கிய உறவாக வேண்டும்!

கால்டுவெல்லைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தமிழ் வடமொழியின் கிளையன்று என்று விரிவாக நிறுவிய பெருமை அவருக்குண்டு. உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் ஒற்றுமையும் மெய்யே. நான்காம் வேற்றுமைக் 'கு'வுக்கு நிகராக உஸ்பெக்கில் 'கா' உண்டு. 'உய்கா' என்றால் வீட்டுக்கு. ஆனால் உருதுவிலும் 'கோ' இருக்கிறதே! அது தமிழினம் என்று எவரும் சொல்வதில்லை. அவர் வகுத்த 'சித்தியக்' குடும்பத்தை இன்றைய மொழியியலார் கைவிட்டுவிட்டனர்.

துருக்கியைக் கண்டிராத நம்மையும் ஊரார் துலுக்கரென்றனர். செங்கற்பட்டுப் பக்கம் துலுக்காணம் என்று பெயர் பூண்ட இந்துக்களும் உளர்! பெயரைக்கொண்டு உறவு கொண்டாட முடியுமா?

அவ்விளைஞர் மீண்டும் மேடையேறட்டும். 'எந்தை'யையும் 'பாபாம்' என்பதையும் ஒரே வேரில் சேர்த்துக் காட்டட்டும். முதல் தக்பீர் நம்முடையதாகவே இருக்கும்.