வலி ஓய்ந்த அரை மணி நேரம்

முட்டி வலி என்று ஜொகூரில் யாராவது வாய் திறந்தால் போதும், "ஒரு கரண்ட் மிஷின் வாங்கி வைங்க" என்று நாலு பேர் சொல்லிவிடுகிறார்கள். மருந்துக்கடை, பேரங்காடி, இரவுச் சந்தை, கைப்பேசியில் ஓடும் நேரலை விற்பனை என எங்கும் அது கிடைக்கிறது. ஐம்பது, நூறு வெள்ளிக்கே கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. இரண்டு ஒட்டுப் பட்டைகள், நடுவில் ஒரு சின்னப் பெட்டி, தோல் வழியே நரம்புக்குப் போகும் மெல்லிய மின்துடிப்பு. மருத்துவத் துறையில் இதை டென்ஸ் என்கிறார்கள். இதை ஆதரிப்பவர்களின் வாதம் எப்போதும் ஒரே வரிசையில் வரும்: மாத்திரை வேண்டாம், சிறுநீரகம் கெடாது, வீட்டில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டையும் ஏற்கிறேன். மூன்றாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மற்றவர்கள் வசதியாகப் பார்க்கும் அந்த 'உட்கார்ந்தபடியே' எனக்குப் பெரிய கேடாகத் தெரிகிறது.

கருவி பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 'சயின்ஸ்' இதழில் வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். தொடுதலையும் அதிர்வையும் சுமந்துபோகும் தடித்த நரம்பிழைகள் சுறுசுறுப்பாக இருக்கும்போது, தண்டுவடத்துக்குள் வலிச் செய்தி நுழைவது மட்டுப்படும் என்றார்கள். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் இதமாக இருப்பதும் இதனால்தான். இரண்டே ஆண்டுகளில் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் மின்துடிப்பால் நோயாளிகளின் வலியைச் சிறிது நேரம் அடக்கிக் காட்டினார்கள். 2022இல் 381 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மார்க் ஜான்சன் குழு, போலிக் கருவியைவிட உண்மையான டென்ஸ் வலியைக் குறைக்கிறது என்றே சொன்னது. வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்ற பயமும் நியாயமானது.

ஆனால் 2022 முடிவில் ஒரு கால எல்லை இருக்கிறது. வலி குறைவது கருவி உடம்பில் இருக்கும்போதும், எடுத்த உடனேயும்தான். அதற்குப் பிறகு வலி பெரும்பாலும் திரும்பிவிடும். ஆகவே கருவி நமக்குத் தருவது சிகிச்சை நடக்கக்கூடிய ஓர் இடைவெளி, அவ்வளவுதான். வலி ஓய்ந்த அந்த அரை மணி நேரத்தில் மனிதர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். நம் வீடுகளில் அந்த அரை மணி நேரம் தொலைக்காட்சித் தொடருக்குப் போய்விடுகிறது.

யாருடைய முட்டி இது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ரெங்கத்திலோ லாயாங் லாயாங்கிலோ இருட்டு விலகுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலைகளைத் தூக்கி வண்டியில் போட்டவர்கள். தோட்டத்தை விட்டு கூலாய், மாசாய், ஸ்கூடாய்த் தாமான்களுக்கு வந்தபோது, நாள் முழுக்க நடந்த கால்கள் ஒரு கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையில் அடங்கின. தேய்ந்த முட்டியைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைத் தசை. வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் அந்தத் தசை இளைக்கும், அது இளைத்தால் முட்டியில் சுமை ஏறும், வலி கூடும், நடை இன்னும் குறையும். இந்தச் சுழலை எங்காவது உடைக்க வேண்டும். வலியை அரை மணி நேரம் அடக்கும் கருவியைவிட அதற்குத் தோதான துணை வேறில்லை. பட்டையை ஒட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரலாம், வாசல்வரை நடக்கலாம், இரண்டு படி ஏறி இறங்கலாம். ஆனால் விளம்பரத்தில் வரும் பாட்டியும் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிச் சிரித்தபடிதான் இருக்கிறார். ஓய்வையே சிகிச்சையாக விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

இது என் ஊகம் மட்டுமல்ல. 1990இல் ரிச்சர்ட் டேயோவும் அவருடைய குழுவினரும் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 145 பேரைப் பிரித்து, சிலருக்கு உண்மையான டென்ஸ், சிலருக்கு மின்சாரமே வராத போலிக் கருவி, இரண்டு பக்கத்திலும் பாதிப் பேருக்கு உடற்பயிற்சி என்று கொடுத்துப் பார்த்தார்கள். கருவிக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உடற்பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது. பிறகு அவர்களில் பெரும்பாலானோர் பயிற்சியை விட்டார்கள், பலனும் போனது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2020இல் வந்த ஆய்வு இதைவிட முக்கியமானது. உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயுள்ள 301 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் கருவி பெற்றவர்களும் வீட்டில்தான் அதைப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் இரண்டு கட்டளைகள் இருந்தன: தாங்க முடிகிற உச்ச அளவுக்கு மின்துடிப்பைக் கூட்ட வேண்டும், நாளுக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே போட்டிருக்க வேண்டும். நான்கு வாரத்தில், அசையும்போது வரும் வலி போலிக் கருவிக்காரர்களைவிட உண்மையான கருவி போட்டவர்களுக்குத் தெளிவாகக் குறைந்தது. டென்ஸ் ஆதரவாளர்கள் இந்த ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். கருவி எழுந்து நடமாடுபவருக்கு உதவியதை இது காட்டுகிறது. உட்கார்ந்திருந்தே போட்டுக்கொள்பவருக்கு இதிலிருந்து எந்தச் சான்றும் கிடையாது.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு இடுப்பு வலிக்கு 2016இலும், மூட்டுத் தேய்வுக்கு 2022இலும் டென்ஸ் தர வேண்டாம் என்று வழிகாட்டியது. பழைய ஆய்வுகள் பலவற்றில் மின்துடிப்பு மிகக் குறைவு, அதனால்தான் பலன் தெரியவில்லை என்று ஆதரவாளர்கள் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் ஆய்வுக்கூடத்திலேயே போதாத அளவு, கூலாய் வீட்டில் எப்படி இருக்கும்? மேலே குறுகுறுவென்று ஏதோ ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பட்டையின் பசை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எங்கே ஒட்டுவது என்று யாரும் காட்டித் தரவில்லை. நாள் தவறாமல் ஒரே அளவில் போட்டால் உடம்பு அதற்குப் பழகிப் பலன் மங்கும் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

இனிப்புநீர் உள்ளவர்களைப் பற்றி நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய். 2023இல் அது 15.6 விழுக்காடு. இரண்டு கணக்கிலும் இந்தியர்களின் விகிதமே மற்ற இனங்களைவிட அதிகம். இனிப்புநீரால் கால் நரம்பு கெடும்போது எரிச்சலும் குத்தலும் வரும், கூடவே மரத்தும் போகும். அமெரிக்க நரம்பியல் கழகம் 2010இல் இந்த வலிக்கு டென்ஸைப் பரிசீலிக்கலாம் என்றது உண்மைதான். பாதத்தைச் சோதித்துப் பார்த்த மருத்துவருக்குச் சொன்ன யோசனை அது. மரத்த தோலுக்கு மின்துடிப்பு கூடியதும் தெரியாது, தோல் புண்ணாவதும் தெரியாது. அதைவிட மோசம், எரிச்சல் அடங்கிவிட்டது என்ற நிம்மதியில் விரலிடுக்கில் கிளம்பிய புண்ணை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சில நாள் தாமதத்துக்குப் பாதத்தையே விலையாகக் கொடுத்த குடும்பங்கள் நம்மிடையே குறைவில்லை. இதய முடுக்கி வைத்திருப்பவர்கள் போடக் கூடாது, கழுத்தின் முன்பக்கம் ஒட்டக் கூடாது என்பதெல்லாம் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது. அந்தத் தாளில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை.

2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டப்படி பதிவு பெற்றது என்று விற்பவர்கள் காட்டுவார்கள். பதிவு அவசியம், பதிவில்லாததைத் தொடவே கூடாது. ஆனால் உங்கள் அம்மாவின் வலி முட்டியிலிருந்து வருகிறதா, இடுப்பெலும்பிலிருந்து இறங்குகிறதா என்று எந்தப் பதிவும் சொல்லாது.

அந்தக் கருவியை வாங்குபவர் பெரும்பாலும் பிள்ளைதான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், இரவு களைத்துத் திரும்புகிற மகன். அவனுக்கு அம்மாவோடு தாமானைச் சுற்றி நடக்க நேரமில்லை. அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைக்குத் தவணை வாங்கினாலும், அழைத்துப்போக ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும். அவன் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கருவி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து "மிஷின் போட்டீங்களா?" என்பது மட்டுமே கேள்வியாகிவிடுகிறது. எவ்வளவு தூரம் நடந்தீர்கள், மாடிப்படி ஏற முடிகிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்ற கேள்விகள் நின்றுபோகின்றன. வயதான பெற்றோருக்கு இதைப் பரிசாகக் கொடுக்கவே கூடாது என்று சொல்லும் அளவுக்கு நான் வந்துவிட்டேன். கடுமையாகத் தோன்றினாலும் திரும்பப் பெறமாட்டேன்.

இந்த நாட்டிலேயே வேறு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் மேரி சுமா கார்டோசாவும் சக மருத்துவர்களும் நடத்திய 'மெனாங்' திட்டம் இரண்டு வாரப் பயிற்சி. உடற்பயிற்சி, வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல், வலியைப் பற்றிய பயத்தைக் கையாளுதல் ஆகியவை அதன் அடிப்படை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் தங்கியிருந்ததாக 2012இல் வெளியான அவர்களின் ஆய்வு சொல்கிறது. குளுவாங்கில், சிகாமட்டில், பாசிர் கூடாங்கில் இப்படிப்பட்ட பயிற்சி தமிழில் கிடைக்க வேண்டும் என்று நம் அமைப்புகள் கேட்க வேண்டும். கோயில் மண்டபத்தில் வாரம் ஒரு மாலை, இயன்முறை சிகிச்சையாளர் ஒருவரை அழைத்துத் தொடங்கலாம். கருவி வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வரட்டும். எங்கே ஒட்டுவது, எவ்வளவு கூட்டுவது என்று கற்றுக்கொண்டு, ஒட்டியபடியே மண்டபத்தைச் சுற்றி நடக்கட்டும். அதற்கு முன் காலணியைக் கழற்றி இரண்டு பாதங்களையும் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.