பாசி அறை: வரவும் செலவும்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடையே ரெஃப்யூஜியம் எனும் பாசி அறையின் மேல் ஒரு பக்தியே இருக்கிறது. தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் இருக்கும் சம்ப் எனும் வடிகட்டித் தொட்டியில் ஓர் அறையைத் தடுத்து, கீட்டோ பாசியை வளர்த்து, இரவில் விளக்கேற்றினால் போதுமாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறையும், மீன்களுக்கு உயிர்த்தீனி கிடைக்கும், பி.எச். நிலைத்து நிற்கும் என மூன்று வாக்குறுதிகள். பாசியைக் கொண்டே பவளத்திட்டு மாதிரித் தொட்டிகளைப் பராமரிக்க முடியும் என்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி 1980களில் காட்டியது இந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தது. பெங்களூர் மல்லேஸ்வரத்து அடுக்குமாடி வீட்டின் 200 லிட்டர் தொட்டியில் இவற்றில் எவ்வளவு தேறும்?

முதல் வாக்குறுதியைக் கணக்குப் போட்டே சோதிக்கலாம். நாளொன்றுக்கு 1 கிராம் உலர்தீனி போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் புரதம் 45 சதவீதம். புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம். ஆக, 72 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ளே போகிறது. வளர்ந்த மீன் அதில் பெரும்பகுதியை நீரிலேயே கழித்துவிடும். அத்தனையும் நைட்ரேட்டாக மாறினால் நாளுக்கு 320 மி.கி., வாரத்துக்கு 2,200 மி.கி.க்கு மேல். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும், நுண்ணுயிர்கள் வாழும் கற்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மி.கி.) உள்ள தொட்டியில் வாரம் 20 லிட்டர் நீரை மாற்றினால் வெளியேறுவதோ 400 மி.கி.தான். முழுச் சுமையையும் நீர்மாற்றத்தாலேயே இறக்க வேண்டுமென்றால் வாரம் 110 லிட்டர் மாற்ற வேண்டும்; உப்பு மட்டும் ஏறக்குறைய 4 கிலோ, ஆர்.ஓ. வடிகட்டி கழித்துவிடும் நீர் தனி. 2024 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்த பெங்களூரில், சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏற்றி வரும் காவிரி நீரை இப்படிச் செலவழிப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது.

அதே வேலையைப் பாசி செய்ய, வாரம் சுமார் 170 கிராம் ஈரப்பாசியை வெட்டி எடுக்க வேண்டும். உலர்ந்த பாசியில் 3 சதவீதம் நைட்ரஜன், ஈரப்பாசியில் பத்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்ற தோராயமான கணக்கு இது. 30 வாட் விளக்கை இரவில் 12 மணி நேரம் எரியவிட்டால் மாதம் 11 யூனிட் ஆகும். நீர், உப்பு, மின்சாரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் பாசிக்கே வெற்றி.

ஆனால், வெட்டி எடுத்தால்தான் இந்த வெற்றி. அறைக்குள் எவ்வளவு செழித்தாலும், உள்ளேயே கிடக்கும் பாசியால் தொட்டியை விட்டு எதுவும் வெளியேறியிருக்காது. மாதக்கணக்கில் கவனிக்காத கீட்டோ உருண்டையைத் தூக்கிப் பாருங்கள். மேல்புறம் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்போல விறைப்பாக இருக்கும். ஒளி எட்டாத அடிப்புறம் வெளிறிப்போய், தொட்டதும் பிய்ந்து, பழுப்புக் கசடு சொட்டும். எடுத்ததையெல்லாம் அது நீருக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கீட்டோவுக்குப் பதில் காலெர்ப்பா என்ற பாசியை வளர்ப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்: தன் உள்ளீட்டையெல்லாம் இனப்பெருக்கச் செல்களாக நீரில் கொட்டிவிட்டு அந்தப் பாசி ஓரிரவில் மடியக்கூடும்.

பாஸ்பேட் விஷயத்தில் வாக்குறுதி பாதிதான் நிறைவேறுகிறது. கடலடித் தாவரங்களில் நைட்ரஜனும் பாஸ்பரசும் அணுக்கணக்கில் 30:1 என்ற அளவை ஒட்டி அமைகின்றன என்று அட்கின்சனும் ஸ்மித்தும் 1983இல் எழுதினார்கள். ஒரு சதவீதம் பாஸ்பரஸ் உள்ள மீன்தீனியில் இது 16:1. நைட்ரஜன் முழுவதையும் தின்று தீர்க்கும் பாசி, பாஸ்பரசில் ஏறக்குறைய பாதியை மிச்சம் வைத்துவிடும். நைட்ரேட் தீர்ந்தபின் அதன் வளர்ச்சியும் நின்றுபோகும். மிச்சத்துக்குப் பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் இரும்பு ஆக்சைடு மணிகளைத்தான் நாட வேண்டும்.

மற்ற இரண்டு வாக்குறுதிகளும் இன்னும் மெலிந்தவை. மீன்களுக்கு உயிர்த்தீனியாகும் கோப்பிபாடு எனும் நுண்ணிய ஓட்டுடலிகள் பாசிக்குள் பெருகுவது உண்மை. அவற்றில் எத்தனை உயிரோடு பம்பைக் கடந்து மேலே சேர்கின்றன என்பதை அளந்து பார்ப்பவர் அரிது. கோப்பிபாடுகளை நாளெல்லாம் கொறிக்கும் மாண்டரின் மீனை இதை நம்பி வாங்குவது மீனுக்குச் செய்யும் கொடுமை. இரவு விளக்கு பி.எச். சரிவைக் குறைக்கும் என்பதும் சரியே. ஆனால் மூடிய அறையில் தேங்கும் கரியமில வாயுவும் பி.எச்.சைக் கீழே இழுக்கிறது. ஏ.சி. போட்டு அடைத்த சென்னை அறையைவிட, ஆண்டின் பெரும்பகுதி ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிற மல்லேஸ்வரத்து வீட்டில் இந்தச் சிக்கல் குறைவு.

நம் நாட்டுக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு: சத்தே இல்லாத நீர் இங்கே யாருக்குத் தேவை? கல் பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும், 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வெளிநாட்டு ஆர்வலர்கள் நைட்ரேட்டைச் சுழியருகே இறக்கத் துடிப்பது அக்ரோபோரா போன்ற அந்தக் கல் பவளங்களுக்காகவே. நமக்கு எஞ்சும், பட்டியலில் இல்லாத மஷ்ரூம், ஜோவாந்தஸ் போன்ற மெல்லுடல் பவள வகைகளுக்கு நீரில் கொஞ்சம் சத்து மிச்சமிருப்பதே நல்லது. அதையும் பாசி உறிஞ்சிவிட்டால் அவை சுருங்கும். வெறுமையான நீரில் டைனோபிளாஜெல்லேட் எனும் ஒருசெல் உயிரிகளின் படலம் பரவ வாய்ப்பு உண்டு. அந்த வெளிநாட்டு ஆர்வலர்களின் நோக்கத்துக்குப் பயன்படும் ஒன்றை நாம் அப்படியே கடன் வாங்குகிறோம்.

எனவே தீர்ப்பு தீனியின் எடையைப் பொறுத்தது. இரண்டு கோமாளி மீன்களும் சில ஜோவாந்தஸும் உள்ள தொட்டிக்கு நாளுக்கு 0.2 கிராம் தீனி போதும். வாரச் சுமை 450 மி.கி., ஸ்கிம்மரும் 20 லிட்டர் நீர்மாற்றமும் அதைச் சமாளித்துவிடும். அங்கே ரெஃப்யூஜியம் வீண் செலவு. மீன்கள் கூடி, தீனி 1 கிராமைத் தொடும்போது அது அவசியமாகிறது; ஆனால் நைட்ரேட்டுக்கு மட்டும், வாரந்தோறும் வெட்டுபவருக்கு மட்டும். அப்படியானால் விளக்கோடு ஒரு சமையல் தராசும் வாங்கிவிடுங்கள். வெட்டிய பாசியைப் பிழிந்து நிறுத்துப் பாருங்கள். ஸ்கிம்மரும் கற்களும் நீர்மாற்றமும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகும், தொடர்ந்து 100 கிராமைத் தாண்டாத ரெஃப்யூஜியம் அந்தச் சுமையைத் தாங்கவில்லை என்று பொருள்.